விற்றவையும் விற்காததும்



பெற்றோர் சந்திப்பு நாளில் என்னிடம் இப்போதெல்லாம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பையன் கணினியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அதையே படிக்க வைத்தால் பிழைத்துக்கொள்வானா?" மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டியபடியே இரண்டொரு சொல்லில் விடை கூறி அனுப்பிவிடுவேன். அடுத்த பெற்றோர் காத்திருப்பார். ஆனால் அந்த அவசரத்தில் சொல்ல முடியாத விடை ஒன்று என் மனத்தில் உண்டு. அது ஒரு மென்பொருள் பொறியாளரின் வாழ்க்கை வரலாறு. அம்மனிதரை நான் கண்டதில்லை. ஆயினும் அவருக்கு நான் கடன்பட்டவள். கடன் எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். அப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அந்தத் தோட்டத்திலேயே குடியிருந்தார். மூன்று மாலைப் பொழுதுகள் அவர் வீட்டு வாசலில் அமர்ந்து, பள்ளியின் கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பெற்றோர் விடியுமுன்பே பால்மரக் காட்டுக்குப் போய்விடுவதால், ஆசிரியரே லயத்து வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளை எழுப்பி அழைத்துவந்தது. ஒரே அறையில் மூன்று வகுப்புகளை மூன்று திசை பார்த்து அமரவைத்துப் பாடம் நடத்தியது. மணி வாங்கக் காசில்லாமல் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. இவற்றையெல்லாம் ஏழு வலைப்பக்கங்களாகத் தட்டச்சு செய்து, இலவசமாக இடமளித்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவைத்தேன். இணையத்தில் ஏற்றிவிட்டால் அது என்றென்றைக்கும் இருக்கும் என்பது அன்றைய என் நம்பிக்கை.

சில ஆண்டுகளில் அந்நிறுவனம் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கக்கூடும்; நான் பார்க்கவில்லை. குறிப்பேடு வீடு மாறியபோது தொலைந்தது. நெகிழ்வட்டைத் திறக்க எந்தக் கணினியாலும் முடியவில்லை. முதியவர் காலமானார். தோட்டம் கைமாறியது, பள்ளியும் வேறிடம் பெயர்ந்தது. இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிந்த பிறகுதான் நான் இழந்தது என்ன என்று எனக்கு உறைத்தது.

2016ஆம் ஆண்டில் சக ஆசிரியர் ஒருவர் 'வேபேக் மெஷின்' என்னும் தேடுதளத்தைக் காட்டினார். அதில் என் பழைய முகவரியைத் தட்டினேன். ஏழில் மூன்று பக்கங்கள் வந்தன! 2005ஆம் ஆண்டின் ஏதோ ஒரு நாளில் யாரோ படியெடுத்து வைத்திருக்கிறார்கள். யாரிடமும் நான் கேட்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. அந்த 'யாரோ' யார் என்று தேடத் தொடங்கியபோதுதான் புரூஸ்டர் கேல் என்ற பெயரை முதன்முதலாக அறிந்தேன்.

புரூஸ்டர் கேல் 1960ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியலும் பொறியியலும் பயின்று 1982இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறார். நண்பர் ஒருவர் அவரிடம், தொழில்நுட்பத்தைக் கொண்டு உலகுக்கு நன்மையாக என்ன செய்வாய் என்று கேட்டாராம். யோசித்து யோசித்து அவருக்கு எட்டியவை இரண்டே யோசனைகள். ஒன்று, சாதாரண மக்களின் அந்தரங்க உரையாடல்களை ஒட்டுக்கேட்க முடியாதபடி காப்பது. மற்றொன்று, மனிதர் எழுதியவை அனைத்தையும் எவரும் எங்கிருந்தும் படிக்கும்படி ஒரு நூலகம் அமைப்பது. முதலாவதை முயன்று பார்த்தார். அக்காலத்தில் அதற்காகும் செலவைப் பணம் படைத்தவர்களால்தான் தாங்க முடியும் என்று கண்டு விட்டுவிட்டார். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். இருபது வயதில் பிடித்ததை இன்னும் விடவில்லை.

ஆனால் நூலகம் கட்டுவதற்கு அன்று வேண்டிய எதுவுமே உலகில் இல்லை. அத்தனை எழுத்துகளையும் தேடக்கூடிய வேகமான கணினி இல்லை. கணினிகளை இணைக்கும் வலையில் சாதாரண மக்கள் இல்லை. நூல்களும் இதழ்களும் மின்வடிவில் இல்லை. ஆகவே அவருடைய தொழில் வாழ்க்கையை, இந்த இல்லாமைகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சென்ற பயணமாகவே நான் படிக்கிறேன்.

முதலில் கணினி. டேனி ஹில்லிஸ் என்பவர் 1983இல் தொடங்கிய 'திங்கிங் மெஷின்ஸ்' நிறுவனத்தில் கேல் தொடக்கத்திலேயே சேர்ந்து முன்னணிப் பொறியாளரானார். அங்கு உருவான 'கனெக்‌ஷன் மெஷின்' 65,536 சிறு செயலிகளைக் கொண்டது. அதன் தத்துவத்தை மாணவர்களுக்கு இப்படி விளக்கலாம். தடித்த நூலொன்றில் 'மழை' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரே மாணவனைத் தேடச் சொன்னால் நாள் முழுவதும் ஆகும். நூலைப் பிரித்து, ஆளுக்கு ஒரு தாளாகப் பள்ளி முழுவதற்கும் கொடுத்துவிட்டால்? மூன்று நிமிடத்தில் எல்லாரும் கையை உயர்த்திவிடுவார்கள். இம்முறையில் எழுத்தாவணங்களைத் தேடுவது பற்றி, கிரெய்க் ஸ்டான்ஃபில் என்பவரும் கேலும் சேர்ந்து 1986இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்நிறுவனத்தில் கோடைக்கால வேலைக்கு வந்து உழைத்தார் என்பது அதன் புகழுக்கு ஒரு சான்று. அந்தப் புகழாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 1994இல் நொடித்துப் போனது.

அதற்குள் கேல் அங்கிருந்து வெளியேறியிருந்தார். 1980களின் இறுதியில், வேறு மூன்று நிறுவனங்களுடன் சேர்ந்து 'வெய்ஸ்' என்னும் தேடல் முறையை அவர் வடிவமைத்தார். தொலைவிலுள்ள கணினிகளில் கிடக்கும் ஆவணங்களை, நம் மேசையிலிருந்தே சொற்களைத் தட்டித் தேடி எடுப்பதற்கான ஏற்பாடு அது. இன்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் செய்கிற செயல்தான். எனினும் உலகளாவிய வலை மக்களிடம் பரவுவதற்கு முன்பே அதைச் செய்துகாட்டினார் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அம்முறைக்கு அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்டது, நூலகங்கள் தமக்குள் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ள வகுத்திருந்த ஒரு நெறிமுறை. நூலகக் கனவு அப்போதே உள்ளே இருந்திருக்கிறது. மென்பொருளை 1991இல் எல்லாருக்கும் இலவசமாக வழங்கினார். 1992இல் அதைச் சார்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நாளிதழ்களும் அரசு அச்சகமும் தம் எழுத்துகளை இணையத்துக்குக் கொண்டுவர அந்நிறுவனம் வழிகாட்டியது. 1995இல் 'அமெரிக்கா ஆன்லைன்' நிறுவனம் அதை 15 மில்லியன் டாலருக்கு வாங்கியது. டிம் பெர்னர்ஸ்-லீயின் வலை எழுந்த வேகத்தில் 'வெய்ஸ்' மறைந்துபோனது. இன்று கணினி படிக்கும் பட்டதாரிகளிடம் கேட்டாலும் அப்பெயரை அறிந்தவர் அரிது.

இனி வருவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி.

கையில் பணம் வந்த மறு ஆண்டே, 1996இல், கேல் இரண்டு அமைப்புகளை ஒருங்கே தொடங்கினார். ஒன்று, புரூஸ் கில்லியட் என்பவருடன் இணைந்து நிறுவிய 'அலெக்சா இன்டர்நெட்' என்னும் வணிக நிறுவனம். பழங்கால அலெக்சாந்திரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர் அது. மற்றொன்று, 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்னும் இலாப நோக்கமற்ற இணைய ஆவணகம்.

அலெக்சாவின் வேலை இது: மக்கள் ஒரு வலைப்பக்கத்தைப் பார்க்கும்போது, அதனோடு தொடர்புடைய வேறு நல்ல பக்கங்களைப் பரிந்துரைப்பது. அதைச் செய்யவேண்டுமானால் வலை முழுவதையும் அறிந்திருக்கவேண்டும். எனவே ஒரு நிரல் ஓய்வின்றி வலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு பக்கத்துக்குப் போகும், அதைப் படியெடுக்கும், அதிலுள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கங்களுக்குப் போகும், அவற்றையும் படியெடுக்கும். வணிகத்துக்கு வேண்டியது அந்தப் படிகளிலிருந்து கிடைக்கும் தகவல் மட்டுமே. தகவலை எடுத்தபின் படிகளை மற்றவர்கள் அழித்துவிடுவார்கள். கேல் அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து அப்படிகளை ஆவணகத்துக்குக் கொடையாக அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்.

வணிகத்தின் மிச்சம் நூலகத்தின் கையிருப்பாயிற்று. நம் பாட்டிமார் சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் எடுத்துவைப்பார்களே, அந்தச் சிக்கன புத்திதான் இதுவும். ஊர்வதற்கான செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்றது. பலன் பொதுவுக்குப் போனது. சமூகத்தொண்டு என்றாலே வெறுங்கையோடு ஓடியாடிக் களைத்துப்போவது என்று நம்மவர்களுள் பலர் கருதுகிறோம். பள்ளி வாரியக் கூட்டங்களில் நன்கொடைப் பட்டியலோடு அல்லாடும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடு நினைவுக்கு வரும். பணம் எங்கிருந்து ஊறும் என்பதை முதலிலேயே யோசித்துவிட்டுத் தொண்டில் இறங்கியவர் கேல்.

1998இல் அலெக்சா தான் சேர்த்திருந்த வலையின் ஒரு படியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அன்பளிப்பாக வழங்கியது. இரண்டு டெராபைட் அளவிலான அத்தரவு, ஆளுயரச் சிற்பம் ஒன்றின் வடிவில் அங்கு போய்ச் சேர்ந்தது. இன்று கடையில் வாங்கும் உள்ளங்கையளவுச் சேமிப்புக் கருவியில் அது அடங்கிவிடும். ஆனால் அதில் இருப்பவற்றுள் பல பக்கங்கள் வேறெங்கும் கிடையா.

1999இல் அமேசான் நிறுவனம், ஏறத்தாழ 250 மில்லியன் டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து அலெக்சாவை வாங்கியது. நிறுவனம் கைமாறியது, ஆவணகம் கைமாறவில்லை. அலெக்சாவின் படிகள் அதன் பிறகும் பல்லாண்டுகள் ஆவணகத்துக்கு வந்துகொண்டே இருந்தன. 2005இல் என் பக்கங்களைப் படியெடுத்ததும் பெரும்பாலும் அலெக்சாவின் நிரலாகத்தான் இருக்கவேண்டும். அக்காலத்தில் ஆவணகத்தில் சேர்ந்த பக்கங்களுள் மிகப்பெரும் பகுதி அவ்வழியாக வந்தவையே. மலேசியத் தோட்டமொன்றில் பாடிய தண்டவாள மணியைப் பற்றிய தமிழ்ப் பக்கம் அந்நிரலுக்குப் புரிந்திருக்காது. புரியவேண்டிய தேவையும் இல்லை. எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் எடுத்ததனால்தான் என்னுடையதும் அகப்பட்டது. தேர்ந்தெடுத்திருந்தால் எங்கள் தோட்டத்தை யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

ஐந்தாண்டுக் காலம் நாடாக்களில் உறங்கிய அச்சேமிப்பைப் பொதுமக்கள் பார்க்கும் வசதி 2001 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதுவே வேபேக் மெஷின். பழைய அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் வரும் கால இயந்திரத்தின் பெயரைத் தழுவி இப்பெயர் வைக்கப்பட்டது. திறந்தபோதே அதில் 10 பில்லியன் பக்கங்கள் இருந்தன. அடுத்த ஆண்டு எகிப்தின் அலெக்சாந்திரியாவில் புதிதாக எழுந்த நூலகத்துக்கு ஒரு படி கொடையாகச் சென்றது. பழைய அலெக்சாந்திரியாவின் அழிவிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், எதற்கும் ஒரே ஒரு படி மட்டும் இருக்கக்கூடாது என்பது.

வலைப்பக்கங்களோடு நிற்காமல் நூல்களுக்கும் வந்தார். 2002ஆம் ஆண்டில் ஒரு வேனில் செயற்கைக்கோள் அலைவாங்கி, அச்சுப்பொறி, கட்டமைப்புக் கருவி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாஷிங்டன் வரை பயணம் செய்தார். வழியெங்கும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நிறுத்தி, காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை இணையத்திலிருந்து இறக்கி அங்கேயே அச்சிட்டுக் கட்டிக் கொடுத்தார். ஒரு நூலுக்கு ஆன செலவு சுமார் ஒரு டாலர். காப்புரிமைக் காலத்தை நாடாளுமன்றம் மேலும் 20 ஆண்டுகள் நீட்டியதை எதிர்த்த வழக்கு, அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்தது. அந்நாளைக் கணக்கிட்டே வேன் புறப்பட்டது. வழக்கு தோற்றது. வேன் நின்றுவிடவில்லை, அவ்வகை நடமாடும் நூலகங்கள் பிற நாடுகளுக்கும் பரவின.

தமிழுக்கு உண்மையான தொடர்பு இங்கேதான் வருகிறது. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ராஜ் ரெட்டி, பத்து இலட்சம் நூல்களை மின்வடிவாக்கும் திட்டத்தை முன்னெடுத்தார். அத்திட்டத்தில் இணைய ஆவணகமும் பங்குகொண்டது. அதன் இந்தியக் கிளையாக வளர்ந்த இந்திய மின்னூலகத் திட்டத்தில் வருடப்பட்ட நூல்களின் பெருந்தொகுப்பு இன்று ஆவணகத்தில் இருக்கிறது. தமிழ் நூல்களும் அதில் ஏராளம். பக்கங்கள் கோணலாகவும் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமாகவும் பதிவாகியிருக்கும். தேடுபவருக்குப் பொறுமை வேண்டும். மேற்படிப்புக்கான ஆய்வேட்டுக்காக நான் அங்கு இறக்கிப் படித்த பழைய பாடநூல்களை, நம் நாட்டின் எந்த நூலகத்திலும் என்னால் பெற முடிந்திருக்காது.

இளமையில் கைவிட்ட முதல் யோசனையும் ஒருநாள் அவரைத் தேடி வந்தது. 2007 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறை, ஆவணகத்தின் பயனர் ஒருவரைப் பற்றிய தகவல்களைக் கேட்டு ஓர் இரகசியக் கடிதம் அனுப்பியது. நீதிபதியின் ஆணை இல்லாமலேயே அனுப்பத்தக்க கடிதம் அது. கடிதம் வந்தது என்பதைக்கூட வெளியில் சொல்லக்கூடாது. கேல் பணிந்து போகவில்லை. உரிமை அமைப்புகள் இரண்டின் துணையோடு வழக்குத் தொடுத்தார். 2008இல் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. வாசகன் என்ன படிக்கிறான் என்பதை நூலகர் காட்டிக்கொடுக்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு.

2009ஆம் ஆண்டில் ஆவணகம் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பழைய கிறித்துவ ஆலயக் கட்டடம் ஒன்றுக்குக் குடியேறியது. முகப்பில் உயர்ந்த தூண்கள். பழைய கிரேக்கக் கட்டடத்தை நினைவூட்டும் தோற்றம். வழிபாட்டு மண்டபத்தின் சுவரோரங்களில் சேமிப்புக் கணினிகள் விளக்குகள் மின்ன நிற்கின்றன. அவற்றின் வெப்பமே கட்டடத்துக்குக் குளிர்காயும் நெருப்பு. இருக்கைகளின் ஓரமாகச் சுடுமண் சிலைகள் வரிசையாக நிற்கும். அரசர்களின் சிலைகள் அல்ல. ஆவணகத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களின் சிலைகள். நம் பள்ளிகளில் கட்டடத்துக்கு நிதி தந்தவரின் படம் மாட்டுவோம். நாற்பதாண்டு துப்புரவுப் பணி செய்த அம்மாவின் படத்தை மாட்டிய பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவசத் தளம் மூடப்பட்டபோது, சாதாரண மக்கள் அமைத்திருந்த எண்ணற்ற பக்கங்களை அழிவதற்குமுன் படியெடுக்க ஆவணகத்தாரும் தன்னார்வலர்களும் இரவுபகலாக முனைந்தனர்.

தொட்டதெல்லாம் துலங்கியது என்று எழுதினால் அது வரலாறாகாது. 2011இல் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை மூடவேண்டியதாயிற்று. 2020இல் நடந்தது அதைவிடப் பெரிய சறுக்கல். அதுவரை ஆவணகம் ஒரு முறையைக் கடைப்பிடித்து வந்தது. தன்னிடம் அச்சுநூலாக ஒரு படி இருந்தால், மின்வடிவில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இரவல் தரும். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகளும் நூலகங்களும் பூட்டப்பட்டன. இங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாம் வீட்டுக்குள் முடங்கியிருந்தோமே, அதே நாள்கள். அப்போது அந்த வரம்பை நீக்கி, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நூலை ஒரே நேரத்தில் இரவல் பெறலாம் என்று ஆவணகம் திறந்துவிட்டது. ஜூன் முதல் நாளே நான்கு பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. இரு வாரங்களில் அந்தத் திறப்பு மூடப்பட்டது, வழக்கு மூடப்படவில்லை. 2023இல் கீழ் நீதிமன்றமும் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆவணகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. அவசரகால இரவல் மட்டுமன்று, பழைய முறையும் செல்லாது என்று ஆயிற்று. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து நீங்கின.

இதில் என் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பூட்டிய பள்ளியின் ஆசிரியை என்ற முறையில், அன்று ஒரு நூல் கிடைத்தால் என் மாணவனுக்கு எவ்வளவு உதவும் என்பதை அறிவேன். ஆனால் நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களையும் அறிவேன். சேமிப்பைப் போட்டு முந்நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றது போக மீதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் போய், உங்கள் நூலைக் கேட்காமல் எல்லாருக்கும் திறந்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு நா எழாது. கேலின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பல்லாண்டுகள் பொறுமையாகக் கட்டிய முறையை ஒரு மார்ச் மாதத்து அவசரத்தில் பணயம் வைத்துவிட்டார் என்றே கருதுகிறேன்.

தீர்ப்பு வந்த மறுமாதமே இன்னோர் அடி விழுந்தது. 2024 அக்டோபரில் ஊடுருவிகள் ஆவணகத்தின் கணினிகளைத் தாக்கினர். ஏறத்தாழ 31 மில்லியன் பயனர்களின் கணக்கு விவரங்கள் திருடுபோயின. தளம் பல நாள்கள் முடங்கிப் படிப்படியாக மீண்டது. சேமித்த பக்கங்கள் தப்பின. அந்த நாள்களில் என் மூன்று பக்கங்களின் முகவரியை நான் எத்தனை முறை தட்டிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பொறியாளர் கட்டிய வணிக நிறுவனங்கள் அவருக்குப் பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தன. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அச்செல்வத்தில் ஒரு பகுதி அவரும் அவர் துணைவியாரும் நடத்தும் அறக்கட்டளை வழியே ஆவணகத்துக்குப் போகிறது. ஆனால் நிறுவனங்கள் எங்கே? 'திங்கிங் மெஷின்ஸ்' நொடித்தது. 'வெய்ஸ்' வாங்கப்பட்டு மறைந்தது. வலைத்தளங்களைத் தரவரிசைப்படுத்தி, நம் தமிழ்த்தள நண்பர்களையெல்லாம் ஒரு காலத்தில் தூங்கவிடாமல் செய்த அலெக்சாவை, அமேசான் 2022 மே மாதத்தில் மூடிவிட்டது. விற்காமல் வைத்துக்கொண்டதோ 2025 அக்டோபரில் ஒரு டிரில்லியன், அதாவது இலட்சம் கோடி வலைப்பக்கங்களை எட்டியது.

என் மூன்று பக்கங்களைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திரையில் அவை வந்தபோது, ஓர் எழுத்தும் படிக்கும்படியாக இல்லை. கொம்பும் கொக்கியும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. 2004இல் நான் தட்டச்சு செய்தது யூனிகோடு பரவலாவதற்கு முந்திய திஸ்கி குறியாக்கத்தில். அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஆவணகம் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. நான் கொடுத்ததை அப்படியே வைத்திருந்தது. எழுத்துரு மாற்றி ஒன்றில் பகுதி பகுதியாக இட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். லயத்து வீடுகள் வந்தன. மூன்று திசை பார்த்த வகுப்புகள் வந்தன. மணியைப் பற்றிய பத்தியின் கீழே 'படம்: பள்ளி மணி' என்ற வரி வந்தது. படம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று நான் இட்ட இணைப்பு இன்னும் இருக்கிறது. சொடுக்கினால் அப்பக்கம் சேமிப்பில் இல்லை என்ற அறிவிப்பு வரும். நான்காம் பக்கத்தில்தான் அம்முதியவரின் சொந்தக் கதை இருந்தது. தமிழகத்தில் எந்த ஊரிலிருந்து, யாருடன், எந்த வயதில் கப்பலேறினார் என்பதையெல்லாம் அவர் சொன்னார், நான் எழுதினேன். இப்போது அவ்வூரின் பெயர் எனக்கு நினைவில் இல்லை.

விசாரித்து அவருடைய மகளின் தொலைபேசி எண்ணைப் பெற்றுக் கேட்டேன். "எங்களிடம் அதையெல்லாம் சொன்னதில்லையே. அப்பா உங்களிடம்தானே டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்?" என்றார் அந்த அம்மையார். மீண்ட மூன்று பக்கங்களையும் அச்சிட்டு அவருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தேன். ஒரு படி பள்ளி நூலக அலமாரியிலும் மற்றொரு படி என் வீட்டிலும் இருக்கின்றன.